அட்டெண்டருக்கு யார் பாடம் நடத்துவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, மூக்கில் குழாயும் யூரின் பையுமாக வீட்டுக்கு வந்திருக்கிறார். "வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி எனக்கு எதுவுமே தெரியவில்லை. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் டாக்டர்களை உருவாக்குகிற இடம் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 26 வருடம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சமுதாய மருத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் பதில் ஒரே சொல்லில் அடங்கும்: கற்றுக்கொடுக்கலாம். கட்டடம், தனி நிதி, புதுத் துறை எல்லாம் வந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு கல்லூரிக்குத் தெரிந்த தொழில் கற்றுக்கொடுப்பது. முதலாண்டு மாணவனுக்கு, ஹவுஸ் சர்ஜனுக்கு, பிஜிக்கு, நர்சிங் மாணவிக்கு, லேப் டெக்னீஷியனுக்கு என்று எல்லாருக்கும் பாடம் நடக்கிறது. அந்த நோயாளியை அடுத்த ஐந்து வருடம் நாளுக்கு இருபது மணி நேரம் பார்க்கப்போகிற ஆளுக்கு மட்டும் அங்கே வகுப்பு கிடையாது.

அந்த ஆளுக்கு வார்டில் பெயர்கூட இல்லை. "அட்டெண்டர்". கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர். ரத்தம் எடுத்த குப்பியை லேபுக்குக் கொண்டு ஓடுபவர். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். காலையில் ரவுண்ட்ஸ் தொடங்குமுன் ஒரு குரல் வரும்: "அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க!" நானே எத்தனையோ ரவுண்ட்ஸில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று, இனி என்ன ஆகும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு நாளில் பேசப்படும் நேரமே அந்த ஒரு மணி நேரம்தான். அந்த நேரம் பார்த்து, அதைக் கேட்டே ஆகவேண்டிய ஆளை வராந்தாவில் நிறுத்திவிடுகிறோம். பிறகு டிஸ்சார்ஜ் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சம்மரியைக் கையில் கொடுத்து, "குழாயில சாப்பாடு குடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, பதினைஞ்சு நாள் கழிச்சு ஓபிக்கு வாங்க" என்கிறோம். எப்படித் திருப்புவது என்று கேட்க அந்தப் பெண்ணுக்குத் தயக்கம். அந்தக் கட்டிலுக்காக அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

எனக்கு இது உறைத்தது 2009-ல், என் அப்பா விழுந்தபோது. இடப்பக்கம் முழுக்க வராமல் போனது. நான் அப்போது இணைப் பேராசிரியர். படுக்கைப்புண் பற்றி மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் எழுபது கிலோ எடையுள்ள அப்பாவைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, அவருடைய வராத பக்கத்துக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். அப்பா கத்தினார். வார்டு ஆயாம்மா ஓடி வந்து என்னை விலக்கிவிட்டு, "சார், அந்தக் கையைப் புடிச்சு இழுக்காதீங்க, தோள்பட்டை எறங்கிரும்" என்றார். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துபோவதால், இழுத்தால் மூட்டு நழுவும். எனக்கு அது புத்தகத்தில் தெரியும், அந்த அம்மாவுக்குக் கையில் தெரியும். பழைய பெட்ஷீட் ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் போட்டு, இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துவதை அவர்தான் காட்டினார். தனியாளாக இருந்தால், எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, கையை மார்பின் மேல் போட்டு, நம் பக்கமாக உருட்ட வேண்டும். பத்து நிமிடப் பாடம். அதன்பின் வந்த நான்கு வருடமும் என் மனைவியின் இடுப்பு தப்பித்தது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

ஆகவே முதல் யோசனை அந்த அனுபவத்திலிருந்தே. இன்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் ஸ்கில் லேப் இருக்கிறது. உள்ளே முழு மனித அளவில் பொம்மைகள் படுத்திருக்கும். மாணவர்கள் அவற்றின் மூக்கில் குழாய் விட்டு, ஊசி போட்டுப் பழகுவார்கள். மாலையானால் கதவு பூட்டப்படும், சாவி எங்கே என்று தேடுவதே ஒரு வேலை. அந்த அறையை வாரத்தில் இரண்டு பிற்பகல் மட்டும் வார்டிலிருக்கும் குடும்பத்தாருக்குத் திறந்துவிடலாம். ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு ஹவுஸ் சர்ஜன்கள் போதும். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரை வரவழைக்க வேண்டும். வீட்டில் ராத்திரி பார்த்துக்கொள்ளப் போவது யாரோ அவரே வரவேண்டும். மருத்துவமனைக்குத் துணைக்கு வந்த மகன் ஒருவராகவும், வீட்டில் பார்க்கப்போகிற மருமகள் வேறொருவராகவும் இருப்பது நம் ஊரில் சகஜம்.

அங்கே என்ன கற்றுக்கொடுப்பது? பேசிக் காட்டுவதெல்லாம் பிரயோசனமில்லை, அவர்கள் கையால் செய்ய வேண்டும். குழாய் மூக்கை விட்டு வெளியே வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வது. ஒவ்வொரு முறை ஊற்றுமுன்பும் கோடு நகரவில்லையே என்று பார்ப்பது. படுத்த நிலையில் ஒருபோதும் ஊற்றாமல் தலையணை வைத்துத் தூக்கி உட்காரவைப்பது. ஊற்றி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது. அரைமணி நேரம் அப்படியே உட்காரவைப்பது. குழாய் கழன்றுவிட்டால் நாமே திரும்பச் சொருகக் கூடாது. குழாய் போட்டிருக்கும் அம்மாவுக்கு "ஆசையா இருக்கும்" என்று வாயில் ஒரு வாய் காபி கொடுக்கிற பாசம் இருக்கிறதே, அதுதான் பல வீடுகளில் நிமோனியாவாக முடிகிறது. இதைக் கோபமில்லாமல், காரணத்தோடு யாராவது சொல்ல வேண்டும்.

மாத்திரை விஷயம் யாருமே சொல்லாதது. குழாயில் போக வேண்டுமென்று எல்லா மாத்திரைகளையும் அம்மிக்குழவியால் பொடித்துவிடுகிறார்கள். பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர். என்று இருக்கும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் நாள் முழுக்க மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் உடம்பில் இறங்கும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "இதைப் பொடிக்கலாமா?" என்று கேட்டால் வேறு வகை மாற்றிக் கொடுத்துவிடுவார். கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்?

படுக்கைப்புண்ணைப் பற்றி என் சகாக்களிடமே எனக்கு ஒரு வழக்கு உண்டு. "தோல் சிவந்தால் உஷார்" என்று நடத்துகிறோம். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் அம்மாமார்களின் நிறத்தில் சிவப்பு தெரியவே தெரியாது. முதுகெலும்பின் அடியில், குதிகாலில், இடுப்பெலும்பில், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதுதான் முதல் அறிகுறி. அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள டயர் மாதிரி மெத்தையில் உட்காரவைப்பதும் தவறு, ஓரத்தில் அழுத்தம் கூடும். ஏர் பெட் வாங்கியாயிற்று, இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் நிறைய. பெட் உதவும், திருப்புகிற வேலையை அது செய்யாது.

பயிற்சி கொடுத்தால் நோயாளி எழுந்து நடந்துவிடுவார் என்று இதை விற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டெண்ட் என்ற பெயரில் இந்தியாவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 14 மருத்துவமனைகள், 1250 பக்கவாத நோயாளிகள். பாதிப்பேரின் குடும்பத்துக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் நோயாளிகளின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். 2004-ல் லண்டனில் 300 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு மாறாகச் சொல்லியிருந்தது: பார்த்துக்கொள்பவரின் பாரம் குறைந்தது, மனநிலை தேறியது, செலவும் குறைந்தது. அதையே பிரிட்டனில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, 2013-ல் வந்த முடிவில் அந்தப் பலன் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கற்றுக்கொடுப்பதே வீண்" என்று சொன்ன நிர்வாகிகளை எனக்குத் தெரியும். நான் அப்படிப் படிக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலையை மகள் தலையில் கட்டினால் பலிக்காது என்பதுதான் அட்டெண்ட் சொன்னது. நான் கேட்பது வேறு. அம்மாவை நடக்கவைக்கிற பொறுப்பு மருத்துவமனையிடமே இருக்கட்டும். மகளின் முதுகு உடையாமலும், குழாயைப் பார்த்துப் பயப்படாமலும், எப்போது ஓடிவர வேண்டும் என்று தெரிந்தும் இருப்பதற்கான பாடம் மட்டும் அவளுக்குப் போதும்.

எப்போது ஓடிவருவது என்பது சின்ன விஷயமில்லை. நேற்று வரை தெளிவாகப் பேசிய அப்பா இன்று ராத்திரி சுவரைப் பார்த்துப் பேசுகிறார், துணியை உருவுகிறார். வீட்டில் "வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். ஓரிரு நாளில் திடீரென்று வரும் குழப்பம் வயதால் வருவதில்லை. சிறுநீர்க் கிருமி, நிமோனியா, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை என்று பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், பலவற்றைச் சரிசெய்ய முடியும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதி வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும், எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

மெல்ல வரும் மறதி என்றதும் டிமென்ஷியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு அது இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கே மருந்து செய்வது கொஞ்சம், மிச்சமெல்லாம் வீடு. கோவாவில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. கோவா மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையைச் சேர்ந்த அமித் டயஸும் அவர் குழுவினரும், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். நோய் என்ன, ஏன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், கோபம் வந்தால் என்ன செய்வது, அரசு உதவிக்கு எங்கே போவது என்று உட்கார்ந்து பேசுவது அவர்கள் வேலை. பின்னால் ஒரு மனநல மருத்துவர் இருப்பார். 81 குடும்பங்கள், 2008-ல் வெளியான ஆய்வு. பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாகத் தேறியது, நோயாளியின் நடத்தையால் வரும் உளைச்சல் குறைந்தது. 'பாரம்' எவ்வளவு என்று அளக்கும் கேள்வித்தாளில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை.

அந்தக் கடைசி வரி எனக்கு ஆச்சரியமாக இல்லை. இந்தப் பாரத்தை அளக்க உலகமெங்கும் பயன்படுத்துகிற ஸாரிட் கேள்வித்தாளில் 22 கேள்விகள். தமிழில் மொழிபெயர்த்து ஒரு மருமகளிடம், மாமியார் பக்கத்து அறையில் இருக்கும்போது, "இவரைப் பார்த்துக்கொள்வது உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார், எங்க கடமைதானே" என்பார். அதே பெண்ணிடம் "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?" என்று கேளுங்கள். ஐந்து என்பார். "கடைசியா எப்போ கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனீங்க?" கண் கலங்கிவிடும். மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க விரும்பியதெல்லாம் இந்த இரண்டு கேள்விகள்தான்.

மாணவர்களை இதில் இறக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில், ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் முதலாண்டிலிருந்தே சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுக்கப் போய்வர வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? பஸ்ஸில் போய் இறங்கி, உயரம், எடை, ரத்த அழுத்தம் எடுத்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கித் திரும்புகிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றாவது படுத்த படுக்கையான முதியவர் இருக்கும் வீடாக இருக்க வேண்டும் என்று கல்லூரி முடிவெடுத்தால் போதும். மாணவர் அந்த முதியவரையும் பார்க்கட்டும், அவரைப் பார்த்துக்கொள்பவருக்குப் பிரஷர், சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மூன்றரை வருடம் ஒரே வீட்டுக்குப் போய்வந்த மாணவர் அட்டெண்டரை வெளியே போகச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்று, பரீட்சையில் வராத பாடத்தை நம் மாணவர்கள் தொடமாட்டார்கள். இறுதியாண்டு மெடிசின் பரீட்சையில் "இவருடைய மகளுக்கு வீட்டுப் பராமரிப்பை விளக்கிச் சொல்" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வைத்தால், அடுத்த வருடமே நிலைமை மாறும்.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடிப் பெருமை உண்டு. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி ஓபி தொடங்கினார். நாட்டிலேயே முதலாவதாக, 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது. 2024-ல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லாம் முதியவருக்காக. அவரைக் கூட்டிவரும் அறுபது வயது மனைவிக்கு மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் இருக்கும், அவர் தனக்கென்று ஓபி சீட்டுப் போடமாட்டார். இவரை யாரிடம் விட்டுவிட்டு வரிசையில் நிற்பது? முதியோர் ஓபியில் ஒரே சீட்டில் இரண்டு பேர் என்று ஒரு விதி வைத்தால் என்ன? அமெரிக்காவில் கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த வேலையால் அழுத்தத்துக்கு ஆளாகியிருந்தவர்கள், அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டியில்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள் என்று 1999-ல் எழுதினார்கள். பக்கத்தில் நிற்பவரும் நம் நோயாளிதான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டிஸ்சார்ஜுக்குப் பிறகு? மூன்றாம் நாள் ஒரு ஃபோன். ஹவுஸ் சர்ஜனோ நர்சோ கூப்பிட்டு, "குழாய் எப்படி இருக்கு, மலம் போனாங்களா, நீங்க தூங்கினீங்களா?" என்று கேட்டால் போதும். சம்மரியிலேயே வார்டின் ஃபோன் எண் அச்சடித்திருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் நர்சும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். ஆனால் இன்னார் வீட்டில் இப்படியொருவர் படுத்திருக்கிறார் என்று கல்லூரி மருத்துவமனையிலிருந்து அவர்களுக்குத் தகவல் போனால்தானே வருவார்கள்? கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண கிளினிக் இந்த இடத்தில்தான் வெற்றி பெற்றது. அங்கே தொடங்கிய வேலை ஊர் ஊராகத் தொண்டர்கள் கைக்குப் போய், பின்னால் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது.

பார்த்துக்கொள்பவர் ஒரு வாரம் மூச்சு விடுவதற்கு முதியவரை வைத்துக்கொள்ளும் படுக்கைகளைப் பற்றியும் பலர் கேட்பார்கள். வேண்டும், ஆனால் கட்டில் கிடைக்காமல் தரையில் நோயாளிகள் படுக்கும் மருத்துவமனையில் அதை முதலில் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. பகலில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஓர் அறையிலிருந்து தொடங்கலாம்.

இதெல்லாம் வரும்வரை உங்கள் அம்மா காத்திருக்க முடியாது. அடுத்த ஓபிக்குப் போகும்போது டாக்டரைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பிசியோதெரபி பிரிவுக்குப் போய், "கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை ஒருதடவை நான் செய்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப்போய், எதைப் பொடிக்கக் கூடாது என்று கேட்டு அட்டையிலேயே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். யூரின் குழாய் இன்னும் தேவைதானா என்று கட்டாயம் கேளுங்கள். எடுக்க மறந்து மாதக்கணக்கில் கிடக்கும் குழாய்கள் அதிகம். அதுவரை பை எப்போதும் அம்மாவின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், கட்டில்மேல் வைக்கக் கூடாது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்துக்கு அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

உங்கள் பிரஷரையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கேள்வியில் அம்மாவின் வயதை எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வயதை எழுதவில்லை.